கைச் சுத்தா, கார்ச் சுத்தா?

காதக்காவைப் பற்றிச் சொல்வதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். எனக்கு அவரைவிட நாலு வயது அதிகம். இருந்தாலும் நானும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். அவர் என்னை அண்ணா என்கிறார். எங்களில் யார் பெரியவர் என்று புதிதாக வருகிறவர்கள் குழம்பிப்போவார்கள். குழம்பட்டும். எங்கள் அணிக்கு வந்துவிட்டால் குழம்பிப் பழகிக்கொள்வது நல்லது.

அணி என்றால் கார்ப் பந்தய அணி. வயது அறுபத்து மூன்று. ஒரு காலத்தில் இரண்டு கார் ஓட்டி, மூன்று முறை பட்டம் வாங்கியது. இப்போது ஒரே ஒரு கார். பட்டறைச் சுவர் முழுக்கப் பழைய போட்டோக்கள்: கோப்பையோடு சிரிக்கிறவர்கள், கார்மேல் ஏறி நிற்கிறவர்கள், புகைக்கு நடுவில் கை ஆட்டுகிறவர்கள். நான் அந்த அணியின் லாரி டிரைவர். காரையும் டயர்களையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு பந்தயத்துக்குப் பந்தயம் ஊர் ஊராகப் போகிறவன். ஓட்டுகிறவர் மணிக்கு இருநூற்றைம்பதில் உடைத்துக்கொண்டு வருகிற காரை, நான் அறுபதில் ஒரு கீறல் இல்லாமல் வீடு கொண்டுவந்து சேர்ப்பேன். என்னை யாரும் போட்டோ எடுத்து மாட்டவில்லை. அது வேறு கதை.

காதக்காவின் வேலை காதால் செய்கிற வேலை. பந்தயம் நடக்கும்போது ஓட்டுகிறவர் ரேடியோவில் பேசுவார். என்ஜின் சத்தம், காற்று, குலுக்கல் எல்லாம் சேர்ந்து அது பேச்சாகவே இருக்காது. வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு கத்துகிற மாதிரி இருக்கும். நான் கேட்டால் எனக்கு ஒரு எழுத்துகூடப் புரியாது. அதைக் கேட்டு, ஒரு சொல் விடாமல் எழுதிவைப்பவர் காதக்கா.

முன்னால் அவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் பன்னிரண்டு வருஷம் இருந்தவர். மெஷின் வந்து அவர்களை வீட்டுக்கு அனுப்பியபோது, "நன்றாகக் காது கேட்கும் ஆள் தேவை" என்று பேப்பரில் ஒரு விளம்பரம் பார்த்திருக்கிறார். எதற்கு இப்படி ஒரு ஆள் என்று தெரிந்துகொள்ளத்தான் போனாராம், வேலைக்காக அல்ல. முதலாளியம்மா, அதாவது அணியை ஆரம்பித்தவரின் மகள், ஒரு டேப்பைப் போட்டு எழுதச் சொன்னார். வந்திருந்த ஏழு பேரில் ஆறு பேர் மூன்று நாலு சொல் எழுதினார்கள். காதக்கா ஒரு பக்கம் எழுதினார். நடுவில் "இங்கே இருமுகிறார்" என்றும் எழுதியிருந்தார். அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள்.

காரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அதனால் எல்லாரையும் கேட்டார். ஏன் என்ற சொல் அவர் வாயிலிருந்து வருகிற மாதிரி வேறு யார் வாயிலிருந்தும் வந்து நான் பார்த்ததில்லை. மழை பெய்தால் டயர் வாசனை ஏன் மாறுகிறது என்று கேட்டுக் கேட்டு, டயர்க்காரர் அவரைக் கண்டாலே டயர் அடுக்குக்குப் பின்னால் ஒளிய ஆரம்பித்தார். என் லாரியின் இடது கண்ணாடி ஏன் வலது கண்ணாடியைவிடப் பெரியது என்று என்னைக் கேட்டார். இருபது வருஷமாக ஓட்டுகிறேன், அது பெரியது என்றே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பந்தயத் தடத்தில் அவருக்கு ஒரு மூலை உண்டு. கொட்டகையின் பின்பக்கம், டயர் அடுக்குக்கும் தடுப்புப் பலகைக்கும் நடுவில். இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒட்டுப்பலகை மேசை, ஒரு நாற்காலி, நாலு பென்சில். பேனா கிடையாது, பேனா சமயம் பார்த்து மக்கர் பண்ணும் என்பார். ஹெட்போனில் இடது காதுப் பஞ்சு கிழிந்துபோய், மகளின் பழைய காலுறையை வெட்டித் தைத்து மாட்டியிருந்தார்.

அவரிடம் இரண்டு கட்டு உண்டு. ஓட்டுகிறவர் பேசியதை நீல நோட்டில் எழுதுவார். மெக்கானிக்குகள் காரில் தங்கள் கையால் செய்ததை மஞ்சள் கார்டில் கிறுக்கித் தருவார்கள், அவற்றைத் தனியாகக் கட்டிவைப்பார். நீலம் ஒரு அலமாரி, மஞ்சள் ஒரு அலமாரி. இரண்டிலும் ஒரு எழுத்தை மாற்ற மாட்டார். "நான் எழுதறவ, திருத்தறவ இல்ல" என்பது அவர் அடிக்கடி சொல்வது. அதைச் சொல்லும்போது தலை கொஞ்சம் நிமிரும்.

இப்படிப் பதினோரு வருஷம் ஓடியது. போன வருஷம் பந்தயங்கள் முடிந்ததும் அணியில் பாதி ஆட்கள் மாறினார்கள். மீசை என்று நாங்கள் கூப்பிடும் தலைமை மெக்கானிக் ஓய்வு பெற்று மகள் வீட்டுக்குப் போனார். பழைய டிரைவர் நல்ல அணி கிடைத்து ஓடிப்போனார், அவரைக் குற்றம் சொல்ல முடியாது. புதிதாக ஒரு என்ஜினியர் வந்தார். பேசுகிற எல்லாவற்றிலும் இரண்டு பாயிண்ட் மூன்று, ஏழு பாயிண்ட் நாலு என்று இருக்கும். டீ எத்தனை ஸ்பூன் சர்க்கரை என்று கேட்டாலும் ஒன்று பாயிண்ட் ஐந்து. பாயிண்ட் சார் என்று பெயர் ஒட்டிக்கொண்டது.

காரை ஓட்ட ஒரு இருபத்தாறு வயசுக்காரன் வந்தான். நல்ல பையன், ஆனால் வாயைத் திறக்க மாட்டான். ரேடியோவில் என்ன சொன்னாலும் "சரி". வேகமாகப் போ, சரி. மெதுவாகப் போ, சரி. முதல் வாரத்திலேயே அவன் சரித்தம்பி ஆகிவிட்டான். முதல் நாள் பட்டறைக்கு வந்தபோது, சுவரில் இருந்த போட்டோக்களை ஒவ்வொன்றாக நின்று பார்த்தான். ஒரு மணி நேரம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு.

பாயிண்ட் சார் காதக்காவின் இரண்டு அலமாரிகளையும் பார்த்தார். "ஏன்க்கா ரெண்டு இடத்துல தேடணும்? தேதி வரிசையா எல்லாத்தையும் ஒரே புத்தகமா எழுதிக் குடுத்துடுங்க. இருமல், தும்மல், ஐயோ, அடச்சே எல்லாம் வேண்டாம். விஷயம் மட்டும் போதும். பேச்சுத் தமிழையும் கொஞ்சம் சரி பண்ணிடுங்க" என்றார்.

காதக்கா இரண்டு நாள் யோசித்தார். பிறகு உட்கார்ந்தார். மூன்று வருஷத்து நீல நோட்டும் மஞ்சள் கார்டும் கலந்து, இருமல் இல்லாமல், தும்மல் இல்லாமல், முத்து முத்தான எழுத்தில் ஒரு தடித்த புத்தகம் ஆயிற்று. பாயிண்ட் சாருக்கு அதுதான் வேதம். அணியை ஜெயிக்க வைத்த பழக்கமெல்லாம் இதற்குள் இருக்கிறது என்று கையில் வைத்துக்கொண்டே திரிந்தார். பழைய மஞ்சள் கார்டுகளை ஒரு தகரப் பெட்டியில் போட்டு என் லாரியில் ஏற்றினார்கள். உட்காருகிற இடத்துக்குக் கீழே வைத்து, அதன்மேல் கால் நீட்டிக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது.

பந்தயங்கள் ஆரம்பமாயின. எங்கள் கெட்ட காலமும் கூடவே ஆரம்பமாயிற்று.

முதல் பந்தயத்துக்கு முன் பாயிண்ட் சார் புத்தகத்தில் ஒரு வரியைக் கண்டுபிடித்திருந்தார். "புது டயர் போட்டால் பிரேக் மூன்று சுற்று பின்னால்." இதை விளக்க வேண்டும். பிரேக் போட்டால் முன் சக்கரம் எவ்வளவு பிடிக்கணும், பின் சக்கரம் எவ்வளவு பிடிக்கணும் என்று பங்கு பிரிக்க, ஓட்டுகிறவரின் கைக்கு எட்டுகிற மாதிரி ஒரு நாப் இருக்கும். ஒரு பக்கம் திருகினால் பிடி முன்னால் போகும், மறுபக்கம் திருகினால் பின்னால் போகும். பாயிண்ட் சார் அந்த வரிப்படியே செய்தார். எவ்வளவு பின்னால் என்று புத்தகத்தில் இல்லை, அதனால் தானே கணக்குப் போட்டு ஒரு அளவு வைத்தார். கார் தடத்தை மூன்று சுற்று சுற்றி முடித்ததும், "நாப்பை நடுவுக்குக் கொண்டு வா" என்று ரேடியோவில் சொன்னார். "சரி" என்றான் தம்பி.

ஒன்பதாவது இடத்தில் கிளம்பியவன் அந்த மூன்று சுற்றில் ஆறாவது இடத்துக்கு வந்திருந்தான். நாங்கள் கத்திய கத்தலில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. நாலாவது சுற்றில் முதல் வளைவிலேயே முன் சக்கரங்கள் பூட்டிக்கொண்டு புகை கிளம்பியது. கார் திரும்பாமல் நேராக மணலுக்குள் போய் உட்கார்ந்தது.

இரண்டாவது பந்தயத்திலும் மூன்று சுற்று ராஜா மாதிரி, நாலாவதில் தடுமாற்றம். போதாததற்கு, டயர் மாற்றும்போது ஒரு நட்டு கைதவறி உருண்டு பக்கத்து அணிக் காருக்கு அடியில் போய்விட்டது. அவர்கள் அதைத் துடைத்து, ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான். மூன்றாவது பந்தயத்தில் இழுபட்டு இழுபட்டு ஒரே இடத்தில் தேய்ந்த டயர் பதினோராவது சுற்றில் வெடித்து, கார் தடுப்புச் சுவரில் மோதியது. மூக்கு இல்லாத காரை ஏற்றிக்கொண்டு நான் திரும்பி வந்தேன்.

ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். டீ போடுகிறவர் காரின் நிறத்தை மாற்றியதுதான் காரணம் என்றார். டயர்க்காரர் டயர் தவிர மற்ற எல்லாம் காரணம் என்றார். மூன்று சுற்றுக்கு மேல் பையனுக்குப் பயம் வந்துவிடுகிறது என்று ஒரு பேச்சு கிளம்பியது. அதை நானும் சொன்னேன். இன்றைக்கு நினைத்தால் என் நாக்கை நானே பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

காதக்கா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கேள்வியோடு அலைந்தார். புத்தகத்தில் இருமல் வேண்டாம் என்றுதானே சொன்னார்கள், நீல நோட்டில் அவர் பழையபடி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டுதான் இருந்தார். பாயிண்ட் சாரிடம் போய், "நாலாவது சுத்துல அந்தத் தம்பியோட மூச்சு மாறுது சார். மூணு பந்தயத்துலயும் அதே நாலாவதுலதான். பயந்தவன் மூச்சு இல்ல அது. எரிச்சல்ல விடற மூச்சு. ஏன் சார்?" என்றார்.

"மூச்சுக்கு யூனிட் கிடையாதுக்கா. அதை நான் எங்க எழுதறது?" என்றார் பாயிண்ட் சார்.

நாலாவது பந்தயத்துக்குச் சாமான் ஏற்றும் நாள் வந்தது. கார் சீட் ஒன்றைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார்கள். பந்தயக் காரின் சீட் கடையில் வாங்குவது அல்ல. ஓட்டுகிறவரை உட்காரவைத்து, அவர் முதுகுக்கும் இடுப்புக்கும் அச்சு எடுத்துச் செய்வது. ஒருவருடைய சீட் இன்னொருவருக்குச் சேராது. எங்கள் காரில் ஏற்கெனவே ஒரு சீட் இருக்கும்போது இன்னொன்று எதற்கு? வெள்ளிக்கிழமை ஓட்டிப் பார்க்கும்போதும் இதே கதை நடந்தால், ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆளை மாற்றிவிடுவது என்று முதலாளியம்மா முடிவு பண்ணியிருந்தார்.

அந்த நேரம் பார்த்து சரித்தம்பி வந்து, நான் தனியாகத் தூக்குவதைப் பார்த்து மறுபக்கத்தைப் பிடித்தான். துணி விலகியது. தோள் வரும் இடத்தை ஒரு தடவை தடவிப் பார்த்தான்.

"எனக்கு இவ்வளவு அகலம் இல்லண்ணா" என்றான்.

நான் தரையைப் பார்த்தேன். அவன் "சரி" என்று சொல்லிவிட்டு, என்னோடு சேர்ந்து அதை லாரியில் ஏற்றிவிட்டுப் போனான். என் வாழ்க்கையில் நான் ஏற்றிய சாமான்களில் அவ்வளவு கனமானது வேறு கிடையாது.

வியாழக்கிழமை காலை காதக்காவைக் கூட்டிக்கொள்ள அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டாம் மாடி, சின்ன வீடு. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது என்று அவர் வீட்டுக்காரர் தொட்டிக்கு அடியில் தலையை விட்டு மல்லாந்து கிடந்தார். அவர் பள்ளிக்கூடத்தில் படம் வரையச் சொல்லித்தருகிறவர், குழாய் வேலையில் ஆர்வம் உண்டு, கைவராது. நான் டீ டம்ளரோடு வாசற்படியில் நின்றேன். காதக்கா பையில் பென்சில்களைப் போட்டுக்கொண்டிருந்தார். மைதானத்தில் ஓடிவிட்டு மகள் வேர்க்க விறுவிறுக்க உள்ளே வந்தாள்.

காதக்கா தலையைத் தூக்காமல், "எத்தனை சுத்து?" என்று கேட்டார்.

"ரெண்டரை" என்றார் வீட்டுக்காரர், தொட்டிக்கு அடியிலிருந்து.

"பதினாலு" என்றாள் மகள்.

"உங்களை யாருப்பா கேட்டா?" என்று மகள் சிரித்தாள். "நான் ஓடினதைக் கேக்கறாங்க. நீங்க திருகினதை இல்ல." நானும் சிரித்தேன். காதக்கா சிரிக்கவில்லை. கையில் பென்சிலோடு அப்படியே நின்றார். முகம் வெளுத்துவிட்டது. "அண்ணா, டீயைக் குடிச்சு முடிங்க. கெளம்பலாம்" என்றார். குடிக்க விடவில்லை, டம்ளரை வாங்கிக்கொண்டார்.

லாரியில் ஏறியதும், "மஞ்சள் கார்டுப் பெட்டி எங்க?" என்றார். நான் காலை எடுத்தேன்.

பெட்ரோல் பங்க் ஓரமாக நிறுத்தி, பெட்டியை மடியில் வைத்துத் தேடினார். அரை மணி நேரத்தில் கிடைத்தது. மீசையின் கோணல் எழுத்து, ஓரத்தில் கிரீஸ் பெருவிரல். "புது டயர் போட்டா பிரேக் 3 சுத்து பின்னால."

"மஞ்சள் கார்டு" என்றார் காதக்கா. "நீலம் இல்ல."

எனக்கு உறைக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. ஓட்டுகிறவர் சுத்து என்றால் கார் தடத்தை ஒரு முறை சுற்றி வருவது. மெக்கானிக் சுத்து என்றால் கையால் ஒரு முறை திருகுவது. இரண்டு கட்டும் தனித்தனியாக இருந்தவரை யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. நீலத்தில் இருந்தால் கார், மஞ்சளில் இருந்தால் கை. இரண்டையும் கலந்து, சுத்து எல்லாவற்றையும் சுற்று என்று திருத்தி, ஒரே அழகான புத்தகமாக எழுதியவர் காதக்கா.

"எவ்வளவு பின்னாலன்னு சொல்லாம மீசை எழுதியிருப்பாரான்னு நான் யோசிச்சிருக்கணும்" என்று தன் தலையில் தட்டிக்கொண்டார். பிறகு மீசைக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மடியில் நோட்டு, கையில் பென்சில்.

"புது டயர் போட்டா பிரேக் மூணு சுத்து பின்னாலன்னு ஒரு கார்டு எழுதியிருக்கீங்கண்ணா."

"எழுதினேன். அதுக்கென்ன?"

"மூணு சுத்துன்னா?"

"மூணு சுத்துன்னா மூணு சுத்துதான். ரெண்டுக்கு அப்புறம் வர்ற மூணு. இதைக் கேக்கவா காலங்காத்தால போன் பண்ணினே?"

"கைச் சுத்தா, கார்ச் சுத்தா?"

இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதே இல்லை போலிருக்கிறது.

"கார் எதுக்கும்மா சுத்தணும்? கையால மூணு திருகு திருகிட்டு, அந்த டயரைக் கழட்டற வரைக்கும் அதைத் தொடவே கூடாது. நடுவுல முன்னால கொண்டு வந்தா முன் சக்கரம் ரெண்டும் பூட்டிக்கும்." பிறகு அவரே கேட்டார். "ஏன், யாராவது தொட்டீங்களா?"

காதக்கா நன்றி சொல்லி வைத்துவிட்டார். அந்தக் கேள்வியையும் எழுதிக்கொண்டார்.

அடுத்த நாற்பது கிலோமீட்டர் அவர் பேசவில்லை. அவரோடு போகும்போது ரோட்டோரப் பலகை, பாலம், மாடு என்று எல்லாவற்றுக்கும் நான் பதில் சொல்லி வாய் வலிக்கும். அன்றைக்கு என்ஜின் சத்தம் மட்டும்தான். எனக்கு அதைத் தாங்க முடியவில்லை.

"அக்கா, இதுல நீங்க ஏன் போய் மாட்டிக்கணும்? கார்டு கெடச்சுது, மீசைகிட்ட கேட்டாச்சு, அவ்வளவுதான்னு சொல்லுங்க. யாரு கலந்து எழுதினாங்கன்னு எவனும் கேக்கப் போறதில்ல. அப்படியே கேட்டாலும், பாயிண்ட் சார் சொல்லித்தானே செஞ்சீங்க?"

"அவர் சொன்னார், செஞ்சேன். ஆனா பிடிச்சுத்தான் செஞ்சேன் அண்ணா. பக்கம் பக்கமா பாத்து எவ்வளவு அழகா இருக்குன்னு சந்தோஷப்பட்டேன். பதினோரு வருஷமா திருத்தறவ இல்ல, திருத்தறவ இல்லன்னு பெருமை அடிச்சுட்டு, திருத்தினதும் அதுதான் அழகுன்னு நெனச்சுட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பின்னால அந்தச் சீட்டு இருக்கில்ல? என் எழுத்தாலதான் அது வந்திருக்கு. கேக்கலைன்னா சொல்லக் கூடாதா?"

நான் கியரை மாற்றினேன். வேறு என்ன செய்வது?

தடத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் நேராகக் கொட்டகைக்குள் போனார். பாயிண்ட் சாரும் முதலாளியம்மாவும் காருக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். மஞ்சள் கார்டையும் தன் புத்தகத்தையும் டயர்மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடந்ததைச் சொன்னார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. "மூணு பந்தயத்துலயும் தம்பி மேல தப்பு இல்லம்மா. தப்பு என்னோடது" என்று முடித்தார்.

பாயிண்ட் சார் கார்டைக் கையில் எடுத்தார். காது வரை சிவந்துவிட்டது. "எவ்வளவுன்னு அதுல இல்லாதப்பவே நான் கேட்டிருக்கணும். பெரிய அணி, அவங்களுக்குத் தெரியாததான்னு விட்டுட்டேன்" என்றார். எந்தப் பாயிண்டும் வைக்காமல் தன் தப்பை அவர் ஒத்துக்கொண்டது அதுதான் முதல் முறை. அன்றிலிருந்து எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

முதலாளியம்மா காதக்காவை மட்டும் பார்த்தார். "தப்பு உன்னோடதுங்கறதைப் பந்தயம் முடிஞ்சப்புறம் சொல்லியிருக்கலாமே."

"அதுக்குள்ள சீட்டு மாறிடுமேம்மா."

"உன் விஷயத்தை ஞாயித்துக்கிழமை பேசலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது நல்லதா கெட்டதா என்று யாருக்கும் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை மெக்கானிக் கையால் மூன்று முறை திருகினார். கார் அன்றைக்கு ஒழுங்காக ஓடியது. சீட்டை மாற்றவில்லை. ஆனால் ஓட்டிப் பார்ப்பது வேறு, பந்தயம் வேறு. துணி சுற்றிய சீட் கொட்டகையின் மூலையிலேயே நின்றது.

ஞாயிற்றுக்கிழமை நான் காதக்காவின் மூலைக்குப் போய் நின்றுகொண்டேன். அவருக்கு மட்டுமே கேட்கிற ஹெட்போன், நான் அவர் பென்சிலைப் பார்த்துத்தான் பந்தயம் பார்த்தேன். முதல் சுற்று. இரண்டு. மூன்று. பென்சில் நின்றது. தம்பி எட்டாவது இடத்தில் இருந்தான். மூன்று சுற்று முடிந்து, வழக்கமாக வருகிற உத்தரவு வரவில்லை. காதக்காவின் இடது கை ஹெட்போனை அழுத்திப் பிடித்தது. பிறகு பென்சில் ஓடியது. நான் குனிந்து படித்தேன்.

"நாப்பைத் திருப்ப வேண்டாமா?"

வந்ததிலிருந்து சரித்தம்பி ரேடியோவில் கேட்ட முதல் கேள்வி அது. பாயிண்ட் சார் "தொடாதே" என்றார். "சரி" என்றான். அடுத்த வரியில் காதக்கா எழுதியது: "சிரிக்கிறான்."

ஐந்தாவதாக வந்தான். கோப்பை கிடையாது, போட்டோவும் கிடையாது. ஆனால் மணலில் உட்காராமல், வெடிக்காமல், முழுக் காராக வந்து நின்றான். டயர்க்காரர் என்னைக் கட்டிப்பிடித்து முதுகில் குத்தினார், மூன்று நாள் வலித்தது.

முதலாளியம்மா பின்பக்கம் வந்தார். நாங்கள் இருவரும் எழுந்து நின்றோம். நீல நோட்டை வாங்கி, கடைசிப் பக்கத்தைப் படித்தார். "சிரிக்கிறான்" என்ற இடத்தில் விரலை வைத்தார்.

"பழையபடி ரெண்டு கட்டாவே வெச்சுக்கோ. இருமலையும் எழுது" என்று காதக்காவிடம் சொன்னார். என்னிடம் திரும்பி, "அந்தச் சீட்டைத் திருப்பி ஏத்திடு" என்றார். அவ்வளவுதான். அவர் போனதும் காதக்கா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

அப்போது சரித்தம்பி வந்தான். ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தான், முடியெல்லாம் வேர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. காதக்கா எழுந்து, "என்னை மன்னிச்சுக்கோ தம்பி. என்னாலதான்" என்று ஆரம்பித்தார்.

"எனக்குத் தெரியும்க்கா" என்றான்.

"யாரு சொன்னா?"

"புத்தகம் விஷயம் இல்ல. நாப்பைத் திருப்பினதும் கார் கெட்டுப்போகுதுங்கறது. மொதல் பந்தயத்துலயே தெரிஞ்சுபோச்சு. ஒவ்வொரு தடவையும் தெரிஞ்சேதான் திருப்பினேன்."

"தெரிஞ்சுமா? அப்ப ஏன் தம்பி சொல்லல?"

அவன் மேசைமேல் கிடந்த ஹெட்போனைப் பார்த்தான். காலுறை தைத்த பக்கத்தை விரலால் தொட்டான். "சுவத்துல அவ்வளவு போட்டோ இருக்கு. ஜெயிச்சவங்க புத்தகத்துல இருக்குன்னாங்க. நேத்து வந்தவன் நான் என்னத்தைச் சொல்ல? எல்லாரும் நான் பேசறதைக் கேட்டுட்டுத்தான் இருந்தீங்க. என்னை யாரும் கேக்கலக்கா."

குத்திக்காட்டுகிற மாதிரி சொல்லவில்லை. வெயில் அடிக்கிறது என்பது மாதிரிதான் சொன்னான். டயர்க்காரரைக் கேட்டவர், என் கண்ணாடியைக் கேட்டவர், மூச்சு ஏன் மாறுகிறது என்று பாயிண்ட் சாரைப் போய்க் கேட்டவர், அந்த மூச்சை விட்டவனை மட்டும் கேட்கவே இல்லை. அவன் குரல் நாள் முழுக்கக் காதுக்குள்ளேயே இருந்ததால் கேட்கத் தோன்றவில்லை போலிருக்கிறது. நானும்தான் கேட்கவில்லை. பயந்தாங்கொள்ளி என்று வேறு சொன்னேன்.

காதக்கா நீல நோட்டில் ஒரு புதுப் பக்கத்தைத் திருப்பினார். "உக்காரு தம்பி. இப்பக் கேக்கறேன். மொதல் பந்தயத்துலேர்ந்து சொல்லு" என்றார்.

அந்த மூலையில் இருந்தது ஒரே ஒரு நாற்காலி. அதை அவன் பக்கம் தள்ளிவிட்டு, அவர் டயர்மேல் உட்கார்ந்து பென்சிலை எடுத்தார்.